பால்மர ஆராய்ச்சிய வச்சி அமெரிக்காவுக்கு என்ஐடபிள்யூ போட முடியுமா?

தோட்டத்துப்பையன்:
வணக்கம். நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டி பால் எடுத்தவங்க, நான் பால்மரத்து இலை உதிர்ற நோயில பிஎச்டி முடிச்சிட்டேன் (இம்புட்டு படிச்சும் அதே மரந்தானான்னு அம்மா கேக்குது). முதலாளி இல்லாம நானே ஐ-140 (கிரீன் கார்டுக்கான மனு) போடலாம்னு சொல்றாங்க, நாட்டுக்கு நல்லதுன்னு வேலை ஆஃபர் கேக்காம விடுற அந்த சலுகைதான் என்ஐடபிள்யூவாம். பேப்பர் 9, சைட்டேஷன் (அந்த பேப்பருங்கள மேற்கோள் காட்டுனது) 140 கிட்ட இருக்கு. ஆனா அமெரிக்காவுல பால்மரத் தோட்டமே இல்ல, அவனுக்கு என்னா லாபம்னு எப்படி லா எழுதறது? இன்னொன்னு, நம்மள இந்தியர்னு சொல்லி இந்தியா கியூவுல போட்டுருவானா?

தைப்பிங் அக்கா:
கடைசி கேள்விக்கு மொதல்ல. பொறந்த நாடுதான் கணக்கு தம்பி, இனமும் இல்ல பாஸ்போர்ட்டும் இல்ல. இந்தியாவுல பொறந்தவங்க இபி-2ல (என்ஐடபிள்யூ வர்ற கிரீன் கார்டு பிரிவு) பத்து வருஷத்துக்கு மேல காத்துக் கெடக்குறாங்க. என் வீட்டுக்காரரு திருச்சி, நான் தைப்பிங், என் பொறப்ப வச்சிதான் அவருக்கும் விசா நம்பர் கெடச்சிச்சு, இன்னைக்கும் அத சொல்லி காட்டுவேன். டிகிரி ஸ்க்ரோல் மலாய்ல இருந்தா முழுசா இங்கிலீஷ்ல மாத்தணும், மாத்துனவரு சரியா மாத்துனேன்னு கையெழுத்து போடணும். பின்னாடி சூராட் பெரானாக்குக்கும் (பொறப்பு சர்ட்டிபிகேட்) அதேதான்.

லயத்துக்காரன்:
நான் பட்டத சொல்றேன். சிபாரிசு கடிதத்துக்கு வக்கீல் ஒரே டெம்ப்ளேட்ட அஞ்சு பேராசிரியருக்கும் அனுப்புனாரு, அஞ்சு கடிதத்துலயும் ஒரே வரி, ஒரே காற்புள்ளி. ஆர்எஃப்இ (இன்னும் ஆதாரம் குடுன்னு கேக்குற கடிதம்) வந்துச்சி. அஞ்சு பேருல நாலு பேரு என் சொந்த சூப்பர்வைசர், கூட எழுதுனவங்க. பொறவு என்னைய பாத்தே இராத ஒருத்தரு, என் டேட்டாவ எடுத்து அவரு லேப்ல என்னா செஞ்சாருன்னு ஒரே பக்கத்துல எழுதிக் குடுத்தாரு, அதுக்கப்புறந்தான் பாஸாச்சு. சைட்டேஷன் எண்ணிக்கையில உன் சொந்த சைட்டேஷன கழிச்சிட்டு சொல்லு.

பழைய கிராணி:
தம்பி, லாபத்துக்கு வரேன். விமான டயருக்கு இயற்கை ரப்பர் இல்லாம முடியாது, அது பெரும்பாலும் நம்ம பக்கத்துலருந்துதான் போவுது. 1942ல ஜப்பான்காரன் மலாயாவ புடிச்சதும் அமெரிக்காவுக்கு ரப்பர் வரத்து அடைஞ்சி போச்சு, அந்த வருஷமே குவாயூல்ங்கிற செடியில பால் எடுக்க பெரிய திட்டம் ஆரம்பிச்சான். அரிசோனாவுல அந்த செடி இன்னும் இருக்கு. பிரேசில்ல ஃபோர்டு 1928ல போட்ட தோட்டம் கவுந்ததுக்கு இலைநோயும் ஒரு காரணம். 2016ல வந்த தானாசர் தீர்ப்புப்படி மூணு கேக்குறான்: நீ செய்யப் போற வேலை நாட்டுக்கு முக்கியமா, அத செய்ய உன்னால முடியுமா, வேலை ஆஃபர் கேக்காம விட்டா நாட்டுக்கு நல்லதா. மொத கேள்வி நீ அங்க போயி செய்யப் போறத பத்தி, இங்க முடிச்சத பத்தி இல்ல. பலரு அங்கதான் வழுக்குறாங்க, பேப்பர் லிஸ்ட்டயே பத்து பக்கம் எழுதிட்டு இத அரை பக்கத்துல முடிச்சிருவாங்க. பாக்குற ஆபிசர் விஞ்ஞானி இல்ல, உங்கம்மாவுக்கு சொல்ற மாதிரி எழுது.

தோட்டத்துப்பையன்:
நன்றிங்க எல்லாருக்கும். பிரேசில்ல ஒருத்தரு என் மெத்தட அப்படியே எடுத்து பண்ணியிருக்காரு, பழக்கமே இல்ல. கடிதம் கேட்டா தப்பா நெனைப்பாரா?

லயத்துக்காரன்:
மிஞ்சிப்போனா பதில் போடமாட்டாரு, அம்புட்டுதான். இன்னைக்கே மெயில் போடு லா. டெம்ப்ளேட் மட்டும் அனுப்பிராத.