ஆடி விடுமுறையில் கோவளம்: சனிக்கிழமை அலையா, ஞாயிற்றுக்கிழமை அலையா?

அஸ்தம்பட்டி வாசி

வணக்கம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா விடுமுறையை ஒட்டி வரும் சனி, ஞாயிறில் சேலத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்துக்குச் சென்று அலைச்சறுக்குக் கற்றுக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். ஐவரும் நீந்தத் தெரிந்தவர்கள்; ஆனால் தோட்டத்துக் கிணற்றில் பழகிய நீச்சல். எங்களோடு வரும் என் அக்காள் மகளுக்கு வயது 14. ஆகவே கடலின் நிலையை நன்றாகத் தெரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

அலை முன்னறிவிப்பில் சனிக்கிழமைக்கு 1 மீட்டர் உயரம், 12 நொடி, தென்தென்கிழக்குத் திசை, காலையில் மேற்குக் காற்று மணிக்கு 15 கிலோமீட்டர், பிற்பகலில் தென்கிழக்குக் காற்று 22 கிலோமீட்டர் என்று காட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு 1.4 மீட்டர், 6 நொடி, நாள் முழுவதும் தென்கிழக்குக் காற்று என்று இருக்கிறது. உயரம் குறைவாக இருப்பதால் சனிக்கிழமைதான் எங்களுக்குப் பாதுகாப்பானது என்று நான் சொல்கிறேன். நண்பர் ஒருவரோ, ஒரு மீட்டர் அலைக்காக 300 கிலோமீட்டர் பயணம் செய்வதா, தீபாவளி விடுமுறைக்குப் போனால் பெரிய அலை கிடைக்குமே என்கிறார். இன்னொருவர், ஏற்காட்டில் இரண்டு நாளாக மழை பெய்கிறது, கடலும் கொந்தளிப்பாகத்தான் இருக்கும் என்கிறார். இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும்? எந்த நாள், எந்த நேரம் ஏற்றது? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஆத்தூர் மைந்தன்

ஐயா, நீங்கள் தேர்ந்தெடுத்த நாள் சரி. அதற்குச் சொன்ன காரணம் மட்டும் சரியில்லை. நான் கடல்சார் பொறியியல் படித்து, இப்போது சென்னையில் வேலை செய்துகொண்டு, வார இறுதிகளில் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பலகையோடு இறங்குபவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்னறிவிப்பில் வரும் உயரம் நடுக்கடலில் உள்ள அலையின் உயரம், அதுவும் சராசரிதான். வந்துகொண்டிருக்கும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்து அவற்றின் சராசரியைத் தருகிறார்கள். ஆகவே 1 மீட்டர் என்று போட்டிருந்தாலும், சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ அதன் இருமடங்கு உயரத்தில் ஓர் அலை வந்தே தீரும் என்று எண்ணிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது அந்த நொடிக் கணக்கு. ஓர் அலையின் முகடு கடந்து அடுத்த முகடு வருவதற்கு ஆகும் நேரம் அது; அலைவுக் காலம் என்பார்கள். புதிதாக வருபவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை, ஆனால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆழ்கடலில் 6 நொடி அலையின் நீளம் சுமார் 56 மீட்டர். 12 நொடி அலையின் நீளமோ சுமார் 225 மீட்டர். நீளத்தில் பாதி அளவுக்குக் கடல் ஆழம் குறையும்போது அலை அடித்தரையை உணரத் தொடங்குகிறது. அதன் பிறகு அதன் வேகம் குறைந்து, நீளம் சுருங்கி, கரையை நெருங்க நெருங்க உயரம் கூடுகிறது. நீண்ட அலைக்கு இந்த வளர்ச்சி அதிகம். அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தையும் அலைவுக் காலத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்கு ஏற்ப அமையும். உங்கள் எண்களையே போட்டுப் பாருங்கள்: சனிக்கிழமைக்கு 12 வருகிறது, ஞாயிற்றுக்கிழமைக்கு 11.8 வருகிறது. உயரத்தில் இவ்வளவு வேறுபாடு இருந்தும் இரண்டு நாளும் கடல் கரைக்குக் கொண்டுவரும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றுதான். உடையும் இடத்தில் இரண்டுமே ஒன்றரை மீட்டர் அளவுக்கு எழக்கூடும். ஆகவே சனிக்கிழமை அலை சிறியது என்ற எண்ணத்தோடு தண்ணீரில் கால் வைக்காதீர்கள்.

அப்படியானால் சனிக்கிழமையை ஏன் சரி என்கிறேன்? 12 நொடிக்கு ஒரு முறை வரும் அலை நிமிடத்துக்கு ஐந்து. 6 நொடி அலை நிமிடத்துக்குப் பத்து. பலகையிலிருந்து விழுந்து, எழுந்து, முகத்தைத் துடைத்து, பலகையைத் திருப்பிப் பிடிப்பதற்குள் அடுத்த அலை முகத்தில் அறைந்தால் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? மேலும் அந்த நீண்ட அலை தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயற்காற்றில் பிறந்து, ஏறத்தாழ ஒரு வாரம் பயணம் செய்து, இலங்கைக்குக் கிழக்கே கடந்து நம் கரைக்கு வருவது. வரும் வழியிலேயே சிறு அலைகள் பின்தங்கிவிடுவதால், வந்து சேர்வது வரிசையாக, ஒழுங்காக வரும். ஞாயிற்றுக்கிழமை அலை பக்கத்துக் கடலில் அன்றைய காற்று கிளப்பிவிட்டது. முன்னும் பின்னுமாக, ஒழுங்கில்லாமல் விழும்.

காற்றின் திசைதான் மீதிப் பாதியைத் தீர்மானிக்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்த மேற்குக் காற்று கிழக்குக் கடற்கரைக்குப் போகும்போது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. எதிர்க்காற்று அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிப்பதால் அது உடனே சரிந்துவிடாமல், வழவழப்பாக எழுந்து நின்று, பிறகு உடைகிறது. விடியற்காலையில் கோவளத்தில் நின்று பார்த்தால், அலையின் உச்சியிலிருந்து நீர்த்திவலைகள் கடற்பக்கமாகப் பின்னோக்கிப் பறப்பது தெரியும். அதைப் பார்த்தாலே காற்று சரியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். வெயில் ஏறி நிலம் சூடானதும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எதிர்த்திசையில் புகுந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். ஆகவே காலை ஆறரை மணிக்கு இறங்கி, ஒன்பதரை மணிக்குக் கரையேறிவிடுங்கள். ஒரு கவனம்: அதே மேற்குக் காற்று, பலகையில் படுத்திருப்பவரைச் சத்தமில்லாமல் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும். கற்றுக்கொள்பவர்கள் அலை உடைந்து வெள்ளை நுரையாக வரும் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டக் கூடாது.

ஓதத்தையும், அதாவது கடல் நீர்மட்டம் ஏறி இறங்குவதையும், பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைப் பகுதியில் அமாவாசை, பௌர்ணமி நாள்களில்கூட ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர்தான். இருந்தாலும், தண்ணீர் நிறைந்திருக்கும்போது அலை கரை மணலிலேயே நேராக விழுந்து அடிக்கும். ஆடி அமாவாசையை ஒட்டிய நாள் என்றால், நீர் ஏறியும் ஏறாமலும் நடுவில் இருக்கும் நேரம் எப்போது என்று அட்டவணையில் பார்த்து வையுங்கள்.

கடைசியாக, முன்னறிவிப்பின் எல்லா எண்களையும் ஒரே அளவுக்கு நம்ப வேண்டாம். தொலைவிலிருந்து வரும் அலை ஏற்கெனவே பிறந்து புறப்பட்டுவிட்டதால், அதை ஒரு வாரம் முன்பே ஓரளவு சரியாகக் கணிக்க முடிகிறது. உள்ளூர்க் காற்றை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நம்புவதற்கில்லை. வியாழக்கிழமை இரவு ஒரு முறை, வெள்ளிக்கிழமை மாலை ஒரு முறை பாருங்கள். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை அறிவிப்பையும், வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை அந்தப் பகுதிக்கு இருந்தால், வேறு எந்த எண்ணும் உங்களுக்குத் தேவையில்லை, பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்

அண்ணா, நான் கோவளத்தில் பிறந்து சேலத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடல் தொழில். மேலே அந்த அண்ணன் எழுதியதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் சொல்லும் மேற்குக் காற்றை எங்கள் ஊரில் கச்சான் என்போம். ஆனால் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுக் கரையில் நின்று பார்க்க வேண்டியவை சில உண்டு.

போனவுடன் தண்ணீரில் இறங்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் நின்று பாருங்கள். எங்கள் ஆட்கள் ஃபைபர் படகைத் தள்ளுவதற்கு முன் முனையில் கை வைத்தபடியே நிற்பார்கள், பேச்சு இருக்காது. பெரிய அலைகள் நான்கைந்து கூட்டமாக வந்து விழும், பிறகு சிறிது நேரம் கடல் ஓய்ந்தாற்போல் இருக்கும். அந்த ஓய்வு தொடங்கும்போது ஒரே மூச்சில் தள்ளி, அடுத்த கூட்டம் வருவதற்குள் அலை உடையும் இடத்தைத் தாண்டிவிடுவார்கள். 12 நொடி அலை என்றால் இந்த ஓய்வு இன்னும் நீளமாக இருக்கும். ஓய்ந்திருக்கும் நேரத்தில் வந்து சேர்ந்த வெளியூர்க்காரர்கள் கடல் அமைதியாக இருக்கிறது என்று நம்பிப் பிள்ளைகளோடு இறங்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்.

இரண்டாவது, இழுவை. இரு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஓரிடம் மட்டும் உடையாமல், சற்றுக் கலங்கலாக, அமைதியாகத் தெரியும். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகும் வாய்க்கால் அது. கற்சுவர்களின் ஓரத்திலும் அப்படி ஓடும். கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். கடலில் இடுப்பளவு நீரே காலடி மணலைப் பறித்துக்கொண்டு ஆளை நகர்த்தும். அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தி மூச்சை இழக்காமல், பலகையைக் கட்டிப்பிடித்தபடி மிதந்து, கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இழுவை தளர்ந்ததும் பக்கவாட்டில் விலகிக் கரைக்கு வரலாம். இதை அக்காள் மகளுக்குச் சேலத்திலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள். பலகையோடு காலைப் பிணைக்கும் கயிறு கணுக்காலில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் நீங்களே தொட்டுப் பாருங்கள்.

வடக்கே முட்டுக்காடு முகத்துவாரத்துப் பக்கம் போக வேண்டாம். காலையில் படகுகள் கரையேறும் இடத்திலும் நிற்க வேண்டாம். அலையின் மேல் வரும் படகைத் திருப்ப முடியாது. ஊரில் பயிற்சி தருபவர்களில் பலர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். அவர்கள் இன்று வேண்டாம் என்று சொன்னால், பணம் கட்டியாகிவிட்டதே என்று வற்புறுத்தாதீர்கள்.

காப்பித் தோட்டம், ஏற்காடு

ஏற்காட்டு மழையைப் பற்றி நண்பர் சொன்னதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். இந்த மாதத்தில் சேர்வராயன் மலையில் பெய்யும் மழை தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரமும் மாலை இடியும் சேர்ந்து தருவது. அதை வைத்துக் கோவளத்து அலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. அந்த அலை பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே பிறந்தது என்று மேலேயே எழுதியிருக்கிறார்கள். இங்கே மேகமே இல்லாத நாளிலும் அங்கே கடல் ஆளை வீழ்த்தலாம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் உயிரிழந்தார்களே, அப்போது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாமலே, தொலைதூர அலை திடீரெனப் பெருகுவதைத்தான் அப்படி அழைக்கிறார்கள்.

தீபாவளி யோசனையை நான் அறவே ஏற்க மாட்டேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும் காலம் அது. கச்சான் ஓய்ந்து வாடை வந்துவிடும். காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். நாள் முழுவதும் அலை குலைந்தே கிடக்கும். நன்றாகத் தேர்ந்தவர்கள் இடைப்பட்ட தெளிந்த நாள்களைத் தேடிப் பிடித்துப் பெரிய அலையில் இறங்குவார்கள். முதல் முறை பலகை பிடிப்பவர்களுக்கு அது ஏற்றதல்ல. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவானால் அதன் போக்கு நாளுக்கு நாள் மாறும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கரையோரத்திலேயே நகராமல் நின்று, பிறகு வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. எங்கள் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்தப் பருவத்தில் கடற்கரை அடிபட்ட பிறகுதான் எங்களுக்கு மழை வருகிறது என்பதால், அப்போதும் ஏற்காட்டைப் பார்த்துக் கடலைக் கணிக்க முடியாது.

அஸ்தம்பட்டி வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சனிக்கிழமை காலை என்று முடிவு செய்துவிட்டோம். வெள்ளிக்கிழமை இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சென்னை சென்ட்ரல் சேர்ந்து, அங்கிருந்து வண்டி பிடித்து ஆறரை மணிக்குள் கோவளம் போய்விடலாம் அல்லவா?

ஆத்தூர் மைந்தன்

போய்விடலாம், ஆனால் அப்படிப் போக வேண்டாம். இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் இருந்த உடம்போடு அலையில் விழுந்து எழுவது, குறிப்பாக 14 வயதுப் பெண்ணுக்கு, கடினம். வெள்ளிக்கிழமை பகலிலேயே ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை, திண்டிவனம் வழியாகச் சாலையில் சென்று, மாலை வெளிச்சம் இருக்கும்போதே கரையைப் பார்த்துவிட்டு, அங்கேயே தங்குங்கள். பயிற்சி தருபவரிடம் முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: ஒரு பயிற்சியாளர் எத்தனை பேரைக் கவனிப்பார், கடல் சரியில்லை என்று அவரே நிறுத்தினால் பணத்தைத் திருப்பித் தருவாரா அல்லது வேறு நாள் தருவாரா. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே தென்கிழக்குக் காற்று வீசத் தொடங்கியிருந்தால் பயிற்சியை மணலோடு முடித்துக்கொண்டு, பலகையில் படுத்து எழும் முறையை மட்டும் கற்றுக்கொண்டு திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காற்று மாறும் என்று அங்கேயே காத்திருக்க வேண்டாம்.