மாட்டு நுரையீரல் அழற்சி: பாக்டீரியாக்கள் வெள்ளணுக்களுக்குத் தப்புவது எப்படி?

கேள்வி:
மான்ஹைமியா ஹீமோலிட்டிகா என்ற பாக்டீரியா ஆரோக்கியமான மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் தொல்லை தராமல் வாழ்கிறது. அதுவே நுரையீரலுக்குள் இறங்கிவிட்டால், அங்கே திரளும் வெள்ளணுக்களால் அதை ஏன் ஒழிக்க முடிவதில்லை?

பதில் 1:
மான்ஹைமியா ஒளிவதைவிடத் திருப்பித் தாக்குவதையே நம்பியிருக்கிறது. அது சுரக்கும் லியூகோடாக்சின் என்னும் நச்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளணுக்களில் உள்ள சிடி18 புரதத்தைப் பற்றிக்கொண்டு, செல் சவ்வில் துளையிட்டு, நியூட்ரோஃபில், மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணு வகைகளைக் கொன்றுவிடுகிறது. சிதைந்த நியூட்ரோஃபில்களிலிருந்து கசியும் நொதிகள் நுரையீரல் திசுவையே அரிப்பதால், காக்க வந்த படையே சேதத்தைப் பெருக்குகிறது. கொடுமை என்னவென்றால், பிற இன விலங்குகளின் வெள்ளணுக்கள் பெரும்பாலும் இந்த நச்சுக்குப் பலியாவதில்லை.

பதில் 2:
மாட்டு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் இன்னொரு பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா போவிஸின் வழி வேறு. அதன் மேற்பரப்புப் புரதங்களின் மரபணுக்கள் மாறி மாறி இயங்கியும் அடங்கியும் போவதால், ஒரு வடிவத்திற்கு எதிராக ஆன்டிபாடி உருவாகும் வேளையில் வேறு வடிவம் கொண்டவை பெருகியிருக்கும். தடுப்பூசி தயாரிப்போரைத் திணறடிப்பதில் இதற்கும் பங்குண்டு. (செல்சுவரே இல்லாத கிருமி என்பதால் பெனிசிலினும் பலிக்காது.) பாஸ்சுரெல்லா மல்டோசிடா என்ற மற்றொரு பாக்டீரியாவின் ஏ வகையோ, மாட்டின் திசுக்களிலேயே உள்ள ஹையலுரானிக் அமிலத்தை உறையாகப் போர்த்திக்கொண்டு, விழுங்கும் செல்களிடமிருந்து தப்பிக்கிறது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால், இந்தப் பாக்டீரியாக்கள் நுரையீரலைத் தாக்கும் முன் வைரஸ் தொற்று ஏன் பெரும்பாலும் முந்திக்கொள்கிறது?

பதில் 1:
மாட்டு ஹெர்பிஸ் வைரஸ்-1 போன்றவை மூச்சுக்குழாயின் நுண்மயிர்களைச் சிதைத்து, கிருமிகளை வெளியேற்றும் வழியை முடக்குகின்றன. அதோடு, வைரஸ் தூண்டும் அழற்சியால் வெள்ளணுக்களின் மேல் சிடி18 உள்ள ஏற்பிகள் கூடுவதால், அவை லியூகோடாக்சினுக்கு மேலும் எளிதில் இரையாகின்றன.