போர்ட்ரெய்ட்டுக்கு 50, 85 ப்ரைம் (ஜூம் செய்ய முடியாத லென்ஸ்) இரண்டா, 70-200 ஜூம் ஒன்றா?

கரிசல்வெளி கேட்டது:
என்னிடம் இருப்பது 1.5 மடங்கு கிராப் சென்சார் (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும், அதோடு வந்த 18-55 கிட் லென்ஸும். ஜன்னல் வெளிச்சத்தில் தனிப்படம், வெளியில் ஓடியாடும் குழந்தைகள், எப்போதாவது குடும்பப் படம், இவைதான் எடுக்கிறேன். இருக்கும் காசுக்கு 50 எஃப்/1.8, 85 எஃப்/1.8 இரண்டும் வாங்கலாம் (முதல் எண் மி.மீ.-ல் குவியத் தூரம், கூடினால் காட்சி நெருங்கும்; எஃப் எண் குறைந்தால் லென்ஸ் திறப்பு பெரிதாகும்). அல்லது பழைய 70-200 எஃப்/2.8 ஒன்று. பின்புலம் நன்றாகக் கரைய வேண்டும். எதை வாங்கலாம்?

ஒளிநிழல்:
லென்ஸுக்கு முன் அறையை அளந்து பாருங்கள். உங்கள் சென்சாரில் ஒருவர் தலைமுதல் கால்வரை நெட்டுவாக்கில் அடங்க, 50-க்கு ஏறக்குறைய 4.7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 70-க்கு ஆறரை, 85-க்கு 8 மீட்டர். சாதாரண அறையில் 70-200 மாட்டினால் ஆள் முழுதாக அடங்காது.

வெளிச்சக் கணக்கும் இருக்கிறது. கிட் லென்ஸ் 55-ல் எஃப்/5.6-க்குக் கீழே திறக்காது. எஃப்/1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 3200 கேட்ட இடத்தில் 320 போதும். வீட்டுக்குள் எடுப்பதுதான் அதிகம் என்றால் 50-ஐ முதலில் வாங்குங்கள், யோசிக்கவே வேண்டாம்.

தூரப்பார்வை:
வீட்டுக்குள் சரி. ஆனால் பின்புலம் கரைவதை எஃப் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆளின் அளவு படச் சட்டத்தில் (ஃபிரேமில்) மாறாமல் இருந்தால், தொலைவில் உள்ள மரமும் விளக்கும் எவ்வளவு கரையும் என்பதைத் தீர்மானிப்பது லென்ஸ் திறப்பின் விட்டம்: குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 50 எஃப்/1.8-க்கு 28 மி.மீ., 85 எஃப்/1.8-க்கு 47, 200 எஃப்/2.8-க்கு 71. திறந்தவெளியில் 200 முனையில் வரும் கரைசல் ப்ரைமில் வராது. ஆளுக்கு ஓரடி பின்னால் சுவர் இருந்தால் மட்டும் கதை மாறும், அங்கே எஃப்/1.8-தான் கூடுதலாக மங்கவைக்கும்.

ஓடும் குழந்தைக்கு ஜூம் பெரிய வசதி. ஆனால் பழைய 70-200 எஃப்/2.8 பலவும் ஒன்றரைக் கிலோ வரும். கை சோர்ந்தால் ஷேக் (கை நடுக்கத்தால் படம் மங்குவது) வரும், 200-ல் ஷட்டர் 1/320 நொடியைவிட மெதுவாகப் போகாதீர்கள்.

வெண்சமன்:
ப்ரைம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது ஒரே இடத்தில்: எப்போதும் எஃப்/1.8-லேயே எடுப்பது. 50-ல் 1.5 மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஆறு செ.மீ. சொச்சம்தான். முகம் சற்றுத் திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவு, மறு கண் மங்கல். எஃப்/2.8-க்கு வந்தால் 10 செ.மீ. கிடைக்கும், தனி முகத்துக்கு அது போதும். இருவர் என்றால் எஃப்/4. இரண்டு வரிசைக் குழு என்றால் எஃப்/8-க்குப் போங்கள், அங்கே உங்கள் கிட் லென்ஸே நன்றாகச் செய்யும்.

நடுப் புள்ளியில் ஃபோகஸ் பூட்டி, பிறகு கேமராவைத் திருப்பிச் சட்டம் அமைக்காதீர்கள். திருப்பும்போது ஃபோகஸ் தளமும் சேர்ந்து நகர்ந்து, கண்ணுக்குப் பதில் காது தெளிவாகும். ஃபோகஸ் புள்ளியைக் கண் மேலேயே நகர்த்துங்கள். கண்ணைத் தேடும் வசதி கேமராவில் இருந்தால் அதையே நம்பலாம்.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/1.8 என்றால் ஷட்டர் 1/8000 வரை கேட்கும். பல கேமராக்கள் 1/4000-லேயே நின்றுவிடும், படம் வெளுக்கும். நிழலுக்கு நகர்த்துங்கள், அல்லது மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போடுங்கள்.

கரிசல்வெளி:
நன்றி. அப்படியென்றால் 50 மட்டும் முதலில். 85-ஆ 70-200-ஆ என்பதை எப்படித் தீர்மானிப்பது?

தூரப்பார்வை:
வெளியில் எடுக்கப் போகும்போது கிட் லென்ஸ் வளையத்தை 55-ல் டேப் ஒட்டி நிறுத்திவிட்டு எடுங்கள். பிறகு கணினியில் வெட்டிப் பாருங்கள். நீங்கள் விரும்பும் சட்டம் படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வந்தால் அது 85. பாதிக்கும் கீழே போய்க்கொண்டே இருந்தால், ஒவ்வொரு படத்துக்கும் அளவு மாறிக்கொண்டும் இருந்தால், 70-200-க்குக் காசு சேருங்கள்.