பிப் ரிவ்யூ படிவம் வந்துவிட்டது. "மாற்றம் இல்லை" என்று எழுதினால் போதுமா?

நித்திரைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு எம்.இ. (நாட்பட்ட களைப்பு நோய்) இருக்கிறது. 2019இல் ஒரு வைரஸ் காய்ச்சலோடு தொடங்கியது. 2022இல் பிப் (நீண்டகால வருத்தக்காரருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பிரித்தானிய அரசு தரும் உதவிப்பணம்) கிடைத்தது. அன்றாட வாழ்க்கைப் பகுதியில் சமையலுக்கு 4 புள்ளி, குளிப்புக்கு 2, பணக் கணக்குக்கு 2, ஆக 8. நடமாட்டத்திலும் 8. இரண்டிலும் விளிம்பில் நிற்கிறேன். ஒரு 2 போனாலே ஒரு பகுதிப் பணம் முழுதும் நின்றுவிடும்.

போன கிழமை, பிப்பைத் திரும்பப் பரிசீலிக்கும் ஏஆர்1 படிவம் வந்தது. என் நிலையில் பெரிதாக மாற்றம் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் "முன்பு எழுதியது போலத்தான்" என்று போட்டு அனுப்பிவிடலாமா? அரைப்பக்கம் எழுதினாலே எழுத்துகள் நீந்தத் தொடங்குகின்றன, அதனால்தான் கேட்கிறேன்.

இன்னும் சில பயங்கள். கிளினிக்கில் 2021இலேயே என்னை முடித்து அனுப்பிவிட்டார்கள், புதிய கடிதம் எதுவும் கையில் இல்லை. கிழமைக்கு 6 மணித்தியாலம் கட்டிலில் சாய்ந்தபடி கணினியில் வேலை செய்கிறேன். அதைச் சொன்னால் வெட்டிவிடுவார்களா? அதோடு, ஏதாவது ஒன்றில் 4 புள்ளி இல்லாவிட்டால் இனிக் கிடைக்காது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது.

கடலைக்கொட்டை:

தங்கச்சி, யோசிக்காதீங்கோ. எல்லாத்துக்கும் "ஒருநாளும் ஏலாது" என்று எழுதுங்கோ. எங்கட ஆக்கள் உள்ளதை உள்ளபடி எழுதித்தான் மாட்டுப்படுகிறார்கள்.

ஆறாம்மாடி:

அண்ணை சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். "ஒருநாளும் ஏலாது" என்று எழுதிவிட்டு, பிறகு தொலைபேசியில் "ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் சமைத்தேன்" என்று ஒரு சொல் வாயில் வந்தால், மீதி எழுதியதையும் நம்பமாட்டார்கள். எனக்கும் இதே வருத்தம்தான். இரண்டு ரிவ்யூ பார்த்துவிட்டேன்.

"மாற்றம் இல்லை" என்று மட்டும் எழுதுவதும் ஆபத்துத்தான். படிவத்தை வாசிப்பவர் பழைய கோப்பையும் எடுத்து வடிவாக வாசிப்பார் என்று நம்பி இருக்காதீர்கள். மாற்றம் இல்லை என்று எழுதி, இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதைத் திரும்பவும் முழுதாக எழுதுங்கள்.

அதில் நம் வருத்தக்காரர் எல்லோரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. "சமைக்க முடியுமா?" என்றால் நாம் "ஓம், மெல்ல மெல்லச் சமைப்பேன்" என்போம். பிப் சட்டம் கேட்பது அதை அல்ல. 2013ஆம் ஆண்டு விதிகளில் நான்கு அளவுகோல் இருக்கின்றன. பாதுகாப்பாகச் செய்ய முடியுமா, ஏற்கத்தக்க தரத்தில் முடியுமா, தேவையான தடவைகள் திரும்பத் திரும்ப முடியுமா, நியாயமான நேரத்துக்குள் முடியுமா. நேரம் என்றால், இந்த வருத்தம் இல்லாத ஒருவருக்கு அதிகபட்சம் எடுக்கும் நேரத்தின் இரண்டு மடங்குக்குள். நான்கில் ஒன்று தவறினாலும் அந்தச் செயலை உங்களால் செய்ய முடியாது என்றுதான் கணக்கு.

எம்.இ. காரருக்கு உயிர்நாடி மூன்றாவதுதான். இன்று ஒரு தரம் செய்துவிடுவோம். அதே நாளில் இன்னொரு தரம்? நாளைக்கு? செய்ததற்கான சரிவு சில மணித்தியாலத்திலோ ஒன்றிரண்டு நாள் கழித்தோ வரும். வீட்டுக்காரருக்கே அது விளங்காது, படிவத்தை வாசிப்பவருக்கு எப்படி விளங்கும்? எழுதினால்தான் விளங்கும். சிகிச்சை வழிகாட்டிகளை எழுதும் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்தப் பிந்திய சரிவை நோயின் முக்கிய அடையாளமாகவே எழுதியிருக்கிறார்கள். படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையைக் கொடுக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. "ஏன் அந்தப் பயிற்சிக்குப் போகவில்லை?" என்று யாரும் கேட்டால் சொல்லுங்கள்.

நல்ல நாள், கெட்ட நாள் குழப்பத்துக்கும் விதி இருக்கிறது. பாதிக்கு மேற்பட்ட நாள்களில் எது உண்மையோ அதுதான் எடுபடும். ஆகவே "சில நாள்" என்ற சொல்லே வேண்டாம். "கிழமையில் 5 நாள்" என்று எண்ணிக்கையாக எழுதுங்கள்.

நித்திரைக்காரி:

மிக்க நன்றி. சமையலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன். சரியா?

"எனக்குக் களைப்பு அதிகம் என்பதால் சமைப்பது கஷ்டம். கணவர் உதவி செய்வார். முடிந்த நாள்களில் நானும் செய்வேன்."

ஆறாம்மாடி:

இதை வாசித்தால் எனக்கே 0 போடத் தோன்றுகிறது, குறை நினைக்காதீர்கள். "களைப்பு" என்ற சொல்லை எல்லோரும் தங்கள் களைப்பாகத்தான் விளங்கிக்கொள்வார்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். கடைசியாகச் சமைத்தது எப்போது? எங்கே நின்றுபோனது? அடுத்த நாள் என்ன?

நித்திரைக்காரி:

"மரக்கறி வெட்டும்போது 5 நிமிடத்தில் கை நடுங்கும், கதிரையில் இருந்துதான் வெட்டுவேன். பாதியில் படுக்க வேண்டும். போன மாதம் அடுப்பை எரியவிட்டே இரண்டு தரம் நித்திரையாகிவிட்டேன். அதனால் கிழமையில் 6 நாள் கணவர்தான் சமைக்கிறார். ஏழாவது நாள் நான் தொடங்கினால் அவர் குசினியில் நின்று முடித்துவைப்பார். அப்படிச் செய்த மறுநாள் கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன், குளிப்பும் இல்லை."

ஆறாம்மாடி:

இதுதான். அந்த அடுப்புச் சம்பவத்தை ஏன் இவ்வளவு நேரமும் ஒளித்து வைத்திருந்தீர்கள்?

நித்திரைக்காரி:

வெட்கம்தான். அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

வாசற்படி:

கொஞ்ச வருஷம் ஒரு ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருந்தேன், நான் தமிழ்நாட்டுக்காரி. விட்டுப்போன கேள்விகளுக்கு வருகிறேன்.

வாட்ஸ்அப் செய்தி பழையது. 4 புள்ளி நிபந்தனையைக் கொண்டுவரப் பார்த்தார்கள், உண்மைதான். 2025 ஜூலையில் மசோதாவிலிருந்து அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அது வந்திருந்தாலும் உங்களுக்குச் சமையலில் 4 இருக்கே!

வேலை பார்ப்பதால் பிப் போகாது. வருமானத்தையோ சேமிப்பையோ பார்த்துக் கொடுக்கும் பணம் இல்லை இது. ஆனால் வேலையை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைச் சாட்சியாக எடுப்பார்கள். சாய்ந்தபடி, இடையிடையே நிறுத்தி, கிழமைக்கு 6 மணி நேரம்தான் என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள்.

கிளினிக் கடிதம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பழைய நோய் உறுதிக் கடிதத்தின் நகல், ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவுகளின் பிரதி, இரண்டு வார நாட்குறிப்பு இவற்றை வையுங்கள். உங்கள் கணவர் தான் என்னென்ன செய்கிறார் என்று தன் கைப்பட எழுதும் கடிதமும் சான்றுதான். நம்ம வீடுகளில் இதைக் கேட்கத் தயங்குவார்கள். கேளுங்கள். மூலப்பிரதி எதையும் அனுப்பாதீர்கள்.

படிவத்துக்கு ஒரு மாதம்தான் கெடு. முடியாது என்று தெரிந்தால் கெடு முடிவதற்கு முன்பே போன் செய்து அவகாசம் கேளுங்கள். ஒரே மூச்சில் எழுதாதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். நீங்கள் சொல்லச்சொல்ல இன்னொருவர் எழுதலாம், அப்படி எழுதினோம் என்பதையும் படிவத்திலேயே குறிப்பிடுங்கள்.

அப்புறம் தொலைபேசி நேர்காணல் வரலாம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், நடுவில் ஓய்வு கேட்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லலாம், ஒலிப்பதிவும் கேட்கலாம். எடுத்ததும் "இன்னிக்கு எப்படி இருக்கீங்க?" என்பார்கள். நாம் பழக்கதோஷத்தில் "பரவாயில்லை, நல்லா இருக்கேன்" என்று சொல்லித் தொலைப்போம். அந்த ஒரு சொல்லை அறிக்கையில் பார்த்திருக்கிறேன்.

நித்திரைக்காரி:

நான்கு மாதம் கழித்து வருகிறேன். படிவம் எழுத 16 நாள் எடுத்தது. நேர்காணல் தொலைபேசியில், கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். "பரவாயில்லை" சொல்லவில்லை! ஆனால் வேறு இடத்தில் சறுக்கிவிட்டேன். "பஸ் தரிப்பிடம் வரை நடப்பீர்களா?" என்றதற்கு "ஓம்" என்றுவிட்டேன். அது வீட்டிலிருந்து 100 மீட்டராவது வரும். முடிவுக் கடிதத்தில் அன்றாடம் 8 அப்படியே இருக்கிறது, நடமாட்டம் 4. அதாவது அந்தப் பகுதிப் பணம் இல்லை.

வாசற்படி:

அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்கிவிட்டீர்களா? முடிவுக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அறிக்கை வரத் தாமதமானால் அதற்காகக் காத்திருக்காமல் விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள். "நியாயமில்லை" என்று எழுதாமல், அந்த ஒரு வரியை எடுத்து அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். 20 மீட்டருக்கு மேல் 50 மீட்டருக்குள் என்றால்தான் 8. 50 மீட்டர் என்பது ஐந்து பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் வரும் தூரம். அவ்வளவு தூரத்தை ஒரு நாளில் எத்தனை தடவை நடக்க முடியும், எங்கே நிற்கிறீர்கள், மறுநாள் என்ன என்று எழுதுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மறுபரிசீலனையில் முழு முடிவையும் திரும்பப் பார்க்கலாம், இருக்கும் 8 குறையவும் வழி உண்டு. அந்த 8க்கான சான்றையும் சேர்த்தே அனுப்புங்கள். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயம். அங்கே நீதிபதியோடு ஒரு மருத்துவரும் மாற்றுத்திறன் பற்றி அறிந்த ஒருவரும் இருப்பார்கள், முகம் பார்த்துச் சொல்லலாம்.

நித்திரைக்காரி:

அறிக்கையில் "பஸ் தரிப்பிடத்துக்கு நடந்து செல்கிறார்" என்று ஒரு வரிதான். மாதத்தில் ஒரு தரம், வழியில் மதிலில் இரண்டு தரம் இருந்து, திரும்பி வரக் கணவர் காரோடு வருவார் என்பது எதுவும் இல்லை. நான்தான் சொல்லவில்லையே. எழுதி அனுப்பினேன், கணவரின் கடிதமும் சேர்த்து.

ஒன்பது கிழமையில் பதில் வந்தது. நடமாட்டம் 8. நின்ற பணமும் சேர்த்துத் தருகிறார்கள். இன்றைக்கு இதை எழுதியதோடு நிறுத்துகிறேன், தலை சுற்றுகிறது.

கடலைக்கொட்டை:

சந்தோசம் தங்கச்சி. நான் முதல் சொன்னதை மறந்துவிடுங்கோ.

பனிக்குல்லா:

அக்கா, நான் கிளாஸ்கோவில் இருக்கிறேன். எனக்கும் இதே ஏஆர்1 தான் வருமா?

வாசற்படி:

இல்லை. ஸ்காட்லாந்தில் பிப்புக்குப் பதிலாக அடல்ட் டிசபிலிட்டி பேமென்ட். நடத்துவது சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்து, படிவமும் மேல்முறையீட்டுக் கெடுவும் வேறு. புள்ளி முறை பெரும்பாலும் இதேதான். புது இழை போடுங்கள், அங்கே வருகிறேன்.