மவுஸ் இல்லாமல் கண்டெய்னர்களை மேய்ப்பது: கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்து அனுபவங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து:

மாம்பழக்கூழ் ஆலை ஒன்றின் எடைமேடை, கொள்முதல் கணக்கு, விவசாயிகளுக்கான பணப்பட்டுவாடா ஆகியவற்றுக்கான மென்பொருளை நான் பராமரித்து வருகிறேன். எல்லாமே ஆலைக்குள் இருக்கும் ஒரே லினக்ஸ் கணினியில் டாக்கர் கண்டெய்னர்களாக, அதாவது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து இயக்கும் முறையில், ஓடுகின்றன. அந்தக் கணினிக்குத் திரையும் கிடையாது, வரைகலை இடைமுகமும் கிடையாது; எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து கட்டளை வரி மூலம் இணையும் முறை) வழியாக உள்ளே போவது ஒன்றே வழி. சீசனில் பெங்களூரா காய் ஏற்றிய வண்டிகள் இரவிலும் வந்து நிற்கும். எடைச்சீட்டு அச்சாகாமல் எந்த வண்டியும் நகராது என்பதால், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஆகும் நேரம் முழுவதும் வாசலில் வரிசையாக நீளும்.

முன்பெல்லாம் ஒரு சாளரத்தில் கண்டெய்னர் பட்டியல், இன்னொன்றில் லாக் (நிரல் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு), மூன்றாவதில் நினைவகப் பயன்பாடு என்று கட்டளைகளை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தேன். இப்போது இவை எல்லாவற்றையும் டெர்மினலில் (கட்டளைத் திரையில்) ஒரே இடத்தில் காட்டி, விசைகளாலேயே இயக்கவிடும் லேசிடாக்கர் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். ஜெஸ்ஸி டஃபீல்ட் என்பவர் கோ மொழியில் எழுதி 2019இல் வெளியிட்ட திறமூல மென்பொருள் அது. ஒரே ஒரு கோப்பைச் சர்வரில் வைத்தால் போதும். இடப்பக்கம் கண்டெய்னர்கள், இமேஜ்கள் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சுகள்), வால்யூம்கள் (தரவைச் சேமிக்கும் இடங்கள்) பட்டியலாக நிற்கும். வலப்பக்கம், தேர்ந்தெடுத்த கண்டெய்னரின் லாக், நினைவக வரைபடம், சூழல் மாறிகள், அமைப்பு விவரம், உள்ளே ஓடும் செயல்முறைகள் ஆகியவற்றைச் சதுர அடைப்புக்குறி விசைகளால் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கலாம்.

இதன் அருமை ஒரு சீசன் இரவில் தெரிந்தது. எடைச்சீட்டைப் பிடிஎஃப் ஆக்கும் கண்டெய்னர் விழுவதும் எழுவதுமாக இருந்தது. தானாக மறுதொடக்கம் ஆகும்படி அமைத்திருந்ததால், பட்டியலில் எப்போது பார்த்தாலும் அது ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும். ஓடத் தொடங்கிச் சில நொடிகளே ஆகியிருக்கின்றன என்பதைக் கவனித்தால்தான் சந்தேகம் வரும். வரைபடத்தில் நினைவகக் கோடு இறங்காமல் ஏறிக்கொண்டே போய், வரம்பைத் தொட்டதும் கண்டெய்னர் விழுந்தது. வெளியேறும்போது அது விட்டுச்சென்ற எண் 137. சிக்னலால் (செயல்முறைக்கு அனுப்பப்படும் செய்தியால்) கொல்லப்பட்டால் 128உடன் அந்தச் சிக்னலின் எண்ணைக் கூட்டி வரும் எண் கிடைக்கும், இங்கே அது 128உடன் 9; ஒன்பதாவது சிக்னல் எவ்வித முன்னறிவிப்பும் இன்றிக் கொல்லும் சிக்னல் என்பதால், நினைவக வரம்பை மீறியதற்காகக் இயங்குதளத்தின் மையமான கர்னலே கொன்றிருக்கிறது என்ற ஊகம் வலுத்தது. செயல்முறைகள் காட்டும் பக்கத்துக்குப் போனதும் காரணமும் கண்ணில் பட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு குரோமியம் உலாவி திறக்கப்பட்டிருந்தது. அச்சுப்பொறி பதில் தராத வேளைகளில் திறந்த உலாவி மூடப்படாமலே தங்கிவிட்டிருந்தது. லாக்கை மட்டும் படித்திருந்தால் இது தெரிந்திருக்காது, ஏனெனில் கொல்லப்படும் செயல்முறைக்குக் கடைசி வரி எழுத அவகாசம் கிடைப்பதில்லை.

ஆனால் அன்றைய தற்காலிகத் தீர்வு இந்தத் திரைக்குள் இல்லை. ஓடும் கண்டெய்னரின் நினைவக வரம்பை உயர்த்த வெளியே வந்து டாக்கர் அப்டேட் கட்டளையைத்தான் அடிக்க வேண்டியிருந்தது. புதிய வரம்பு பழைய ஸ்வாப் வரம்பை (நினைவகமும் வட்டிலுள்ள மாற்றிடமும் சேர்ந்த வரம்பை) தாண்டுமானால் டாக்கர் மறுத்துவிடும். இரண்டையும் ஒரே கட்டளையில் சேர்த்து உயர்த்த வேண்டும். எந்த வழியில் போனாலும் உலாவியை மூடிவிட்டே வெளியேறும்படி நிரலைத் திருத்தியது மறுநாள் வேலை.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். லேசிடாக்கர் இயல்பாகக் கடைசி அறுபது நிமிட லாக்கை மட்டுமே காட்டும். அதற்கு முந்தையவை அழிந்துவிட்டதாக எண்ணிப் பதற வேண்டாம். அமைப்புக் கோப்பில் அந்த அளவை மாற்றிக்கொள்ளலாம். உண்மையில் பிரச்சினை நேர்மாறானது. டாக்கரின் இயல்பான லாக் முறைக்கு உச்சவரம்பே இல்லை. நாம் கோப்பின் அளவையும் எண்ணிக்கையையும் குறிப்பிடாதவரை வட்டு நிறையும்வரை அது எழுதிக்கொண்டே போகும். டாக்கரின் பொது அமைப்பில் வரம்பு விதித்தாலும் அது அதன்பின் உருவாகும் கண்டெய்னர்களுக்கே பொருந்தும். பழையவற்றை நீக்கி மறுபடி உருவாக்கியாக வேண்டும்.

ஓசூரிலிருந்து:

எங்கள் அலுவலகத்தில் இருப்பது, பல கணினிகளில் கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் என்பதால் நாங்கள் அதற்கான டெர்மினல் கருவியான கே9எஸ் பயன்படுத்துகிறோம். முக்காற்புள்ளியை அடித்து எந்த வகைப் பொருள் வேண்டும் என்று எழுதினால் அந்தப் பட்டியல் வரும். சாய்கோட்டை அடித்து எழுதினால் பட்டியல் வடிகட்டப்படும். கை பழகிவிட்டால் இணையப்பக்க டாஷ்போர்டுக்குத் திரும்பப் போக மனம் வராது.

காவேரிப்பட்டணம் நண்பர் சொன்ன விழுந்து எழும் நிலை எங்களுக்கு வேறு விதமாக வரும். டாக்கர் மறுதொடக்கம் செய்யும்போது அதே கண்டெய்னர்தான் மீண்டும் ஓடுகிறது, லாக்கும் தொடர்கிறது. குபெர்னெட்டிஸ் பாடுக்குள் (கண்டெய்னர்களைத் தாங்கும் அலகுக்குள்) புதிய கண்டெய்னரை உருவாக்குவதால், சாதாரணமாக லாக்கைத் திறந்தால் புதிதாகப் பிறந்ததன் முதல் சில வரிகளே தெரியும். கே9எஸ்ஸில் 'பி' (p) விசை முந்தைய கண்டெய்னரின் லாக்கைக் காட்டும். பலர் இது தெரியாமல் வெற்று லாக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

இந்தக் கருவியின் வேகமே எனக்குள்ள அச்சமும். கண்ட்ரோலுடன் 'டி' (d) அழுத்தினால் நீக்கலாமா என்று கேட்கும். கண்ட்ரோலுடன் 'கே' அழுத்தினால் கேட்காமலே கொன்றுவிடும். சோதனைக் கிளஸ்டரும் (குபெர்னெட்டிஸ் நிர்வகிக்கும் கணினித் தொகுப்பு) உண்மையான கிளஸ்டரும் ஒரே மாதிரித் திரையில் தெரிவது நல்லதல்ல என்பதால், உண்மையானதற்கு மட்டும் வேறு வண்ணம் வைத்திருக்கிறோம். வெறுமனே பார்க்கப் போகும்போது படிக்க மட்டும் அனுமதிக்கும் தெரிவோடு தொடங்குவதை வழக்கமாக்கியிருக்கிறோம். அந்தத் தெரிவு நம் கையைத்தான் கட்டும், பிறருடைய உரிமையைக் கட்டாது. அதற்குக் கிளஸ்டரிலேயே அனுமதிகளைக் குறைத்து வழங்க வேண்டும். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கட்டளைகளில் பழகட்டும் என்பது என் கருத்து. திரையில் ஒரு விசை என்ன செய்கிறது என்பதை அதன் பின்னாலுள்ள கட்டளை தெரிந்தவரே அளந்து பார்க்க முடியும்.

பாலக்கோட்டிலிருந்து:

நான் வீட்டிலிருந்து, பெரும்பாலும் கைப்பேசி இணைப்பில், வெளியூர்ச் சர்வர்களைப் பார்ப்பவன். எழுத்துகள் மட்டுமே பயணிப்பதால் மெதுவான இணைப்பிலும் இத்திரைகள் தடுமாறுவதில்லை. இணைப்பு அறுந்தாலும் வேலை அறுந்துவிடாதபடி சர்வரில் டிமக்ஸுக்குள் (இணைப்பு போனாலும் டெர்மினலைத் திறந்தே வைத்திருக்கும் நிரல்) திறந்து வைக்கிறேன்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய இரண்டு தொல்லைகளை இங்கே பதிவு செய்கிறேன். தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது இத்திரைக்குள் வந்தால் எதுவுமே அசையாது. கீழே நகர 'ஜே' அழுத்தினால் போவது 'ப'. நிறுத்த 'எஸ்' அழுத்தினால் போவது 'இ'. கருவி உறைந்துவிட்டதாக எண்ணி அதைக் கொல்லத் தேவையில்லை, உள்ளீட்டை ஆங்கிலத்துக்கு மாற்றினால் போதும். இரண்டாவது தொல்லை இதைவிடப் பிடிவாதமானது. லாக்கில் விவசாயியின் பெயரோ ஊரோ தமிழில் வந்தால், கொம்பும் காலும் புள்ளியும் எத்தனை கட்டங்களை எடுத்துக்கொள்ளும் என்பதில் டெர்மினலும் கருவியும் வெவ்வேறு கணக்குப் போடுவதால், பலகங்களைப் பிரிக்கும் செங்குத்துக் கோடுகள் விலகி, பக்கத்து எழுத்துகள் மேலேறிக்கொள்ளும். நான் லாக்கில் பெயருக்குப் பதிலாகப் பதிவு எண்ணை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். தனிமனிதர் விவரம் லாக்கில் தங்காமல் இருப்பதும் அதனால் கிடைக்கும் நன்மை. தமிழ் வரிகளைப் படித்தே ஆகவேண்டுமென்றால் லாக்கைக் கோப்பாக எடுத்து எடிட்டரில் திறக்கிறேன்.

லேசிடாக்கரில் 'ஏ' (a) விசையையும் பெரிய எழுத்து 'இ' (E) விசையையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. முன்னது ஓடிக்கொண்டிருக்கும் முதன்மைச் செயல்முறையோடு நம்மை இணைக்கிறது. வெளியேற நினைத்துக் கண்ட்ரோல் 'சி' அழுத்தினால் அது அந்தச் செயல்முறைக்கே போய்ச் சேவை நின்றுவிடலாம். பின்னது உள்ளே தனியாக ஒரு ஷெல்லை (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலை) திறக்கிறது. உள்ளே ஷெல்லே வைக்காமல் கட்டப்பட்ட மெலிந்த இமேஜ்களில் இது வேலை செய்யாது. நிறுத்தும்போது சரியாகப் பத்து நொடி காத்திருக்க நேர்ந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். டாக்கர் முதலில் மரியாதையாக நிற்கச் சொல்லி, பத்து நொடிவரை பதில் இல்லாவிட்டால்தான் கொல்கிறது. முதல் செயல்முறையாக நிற்கும் ஷெல் அந்தச் செய்தியை நம் நிரலுக்குக் கடத்தாததே பெரும்பாலும் காரணம். இமேஜ் கட்டும் வழிமுறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் தொடக்கக் கட்டளையைச் சதுர அடைப்புக்குறிப் பட்டியலாக எழுதினால் நிரலே முதல் செயல்முறையாகி, அந்தச் செய்தி அதற்கு நேரடியாகப் போய்ச்சேரும். அதை ஏற்று முறையாக நிற்பது நிரலின் பொறுப்பு.

மீண்டும் காவேரிப்பட்டணத்திலிருந்து:

இரவுப் பணியில் இருக்கும் எடைமேடை ஊழியரிடமே இந்தத் திரையைக் கொடுத்துவிடலாமே, நடுநிசியில் உங்களை எழுப்ப வேண்டியதில்லையே என்று தனியாக ஒருவர் கேட்டிருந்தார். ஆலை நிர்வாகமும் இதையே கேட்டது, நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்மீது நம்பிக்கை இல்லாததால் அல்ல. லேசிடாக்கரை இயக்க ஒருவரை டாக்கர் குழுவில் சேர்க்க வேண்டும். அக்குழுவில் இருப்பவர் கணினியின் கோப்பு முறைமை முழுவதையும் ஒரு கண்டெய்னருக்குள் இணைத்துத் திறக்க முடியும் என்பதால், அது எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல்லைக் கையில் கொடுப்பதற்குச் சமம். மேலும், அதே திரையில் 'டி' (d) என்ற ஒற்றை விசைக்குப் பின்னால் நீக்கும் பட்டி நிற்கிறது. ஆகவே எடைச்சீட்டுக் கண்டெய்னரை மட்டும் மறுதொடக்கம் செய்யும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை எழுதி, அந்த ஒன்றை மட்டும் இயக்க சூடோ (குறிப்பிட்ட கட்டளைகளை ரூட் அதிகாரத்தோடு இயக்க அனுமதிக்கும் வசதி) அமைப்பில் அவருக்கு அனுமதி வைத்தேன். அதன்பிறகும் சீட்டு வராவிட்டால் மட்டும் என்னை அழைக்கிறார்.