டிராக்டர் கருவிகளுக்குச் சக்கர ஸ்டாண்ட் நாமே செய்ய முடியுமா?

ஆவடி வயல்:
வணக்கம். நான் இருப்பது ஆவடி, நிலம் பெரியபாளையம் பக்கம் 7 ஏக்கர். 45 எச்.பி. டிராக்டர், சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறுகிற 5 அடி ரோட்டவேட்டர், ஒன்பது கொத்து உள்ள கொத்துக் கலப்பை ஒன்று, வட்டத் தட்டு வைத்த சட்டிக் கலப்பை, இவ்வளவும் 12க்கு 20 அடி கொட்டகைக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. சனி, ஞாயிறுதான் நான் போக முடிகிறது, மற்ற நாளெல்லாம் அப்பாவே தனியாக மாட்டுகிறார், கழற்றுகிறார். அவருக்கு 67 வயது. டிராக்டரைப் பின்னால் எடுத்து வருவார், இறங்கிப் பார்த்தால் கருவியை மாட்டுகிற பின் (ஊசி) இடது பக்கம் நேராக இருக்கும், வலது பக்கம் இரண்டு விரற்கடை தள்ளி நிற்கும், மறுபடி ஏறுவார், மறுபடி இறங்குவார், கடைசியில் கடப்பாரையை ரோட்டவேட்டருக்கு அடியில் கொடுத்து நெம்புவார். போன வாரம் கடப்பாரை வழுக்கி முழங்காலில் அடி. அவர் சொல்லவில்லை, அம்மா போனில் சொல்லித்தான் தெரியும்.

ஒவ்வொரு கருவிக்கும் சக்கரம் வைத்து ஒரு ஸ்டாண்ட் செய்துவிட்டால், ஓரமாகத் தள்ளி வைக்கவும் இடம் கிடைக்கும், மாட்டும்போது அந்த இரண்டு விரற்கடையைக் கையாலேயே நகர்த்தியும் விடலாம் என்று நினைக்கிறேன். என்னிடம் வெல்டிங் மெஷின் இருக்கிறது, கேட், ஜன்னல் கம்பி அளவுக்கு வேலை தெரியும். என்ன இரும்பு, எந்தச் சக்கரம், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அம்பத்தூர் பட்டறை:
தம்பி, முதலில் சக்கரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதில்தான் காசை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். உங்கள் ரோட்டவேட்டரை 400 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சக்கரம், ஆளுக்கு 100 கிலோ என்று கணக்குப் போடாதீர்கள். தரை எங்கேயும் மட்டமாக இருப்பதில்லை, ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் இருக்கும், பாரம் முழுக்க மூன்றில்தான் நிற்கும். அப்படிப் பார்த்தாலே ஒன்றுக்கு 135 கிலோ வருகிறது. அதோடு ரோட்டவேட்டரில் கியரோ செயினோ இருக்கும் பக்கம் கனம் அதிகம். அதனால் ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்கும் சக்கரமாக வாங்குங்கள். அளவு 6 அங்குலம். 3 அங்குலச் சக்கரம் ஒரு ஜல்லி குறுக்கே வந்தாலே நின்றுவிடும், தள்ளுகிற வேகத்தில் மேலே இருக்கிற கருவி சாயும். நாலும் சுழலும் சக்கரமாக இருக்கட்டும், இரண்டு நிலைச் சக்கரம் போட்டால் பக்கவாட்டில் நகராது, உங்களுக்கு வேண்டியதே அந்தப் பக்கவாட்டு நகர்வுதானே.

சட்டத்துக்கு 75க்கு 40 மில்லி சி சேனல் (சி வடிவ இரும்பு) போதும், மீட்டருக்கு 7 கிலோ சொச்சம் வரும். சட்டத்தை எப்படி வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கட்டிலுக்குக் கால் வைப்பது போல அடியில் சக்கரம் வைத்தால் கருவி ஓர் அடி உயரத்துக்குப் போய்விடும், தள்ளும்போது ஆடும். தொட்டில் மாதிரி செய்யுங்கள். சட்டத்தின் நாலு மூலையிலும் வெளியே கை நீட்டி, அந்தக் கையை மேலே தூக்கி, அதற்கு அடியில் சக்கரம். சட்டம் தரையிலிருந்து ஒன்றரை அங்குலத்தில் தொங்கும்.

சக்கரத்தை வெல்டு வைக்காதீர்கள், 12 மில்லி போல்ட் போடுங்கள். சூட்டில் உள்ளே இருக்கிற கிரீஸ் உருகி ஓடிவிடும், நாளைக்கு ஒன்று உடைந்தால் மாற்றவும் முடியாது. இன்னொன்று, துத்தநாகப் பூச்சு உள்ள எதிலாவது வெல்டு வைக்க நேர்ந்தால் பூச்சைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட்டு, வெளியில் காற்றாட வைத்துச் செய்யுங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் ராத்திரி குளிர் காய்ச்சல் மாதிரி வரும், நான் பட்டிருக்கிறேன்.

உத்திரமேரூர் உழவன்:
மூன்று வருடமாக இப்படி ஒரு ஸ்டாண்டில்தான் என் ரோட்டவேட்டர் நிற்கிறது. அண்ணன் சொன்ன தொட்டில் மாடல் சரிதான், ஆனால் ஒரு திருத்தம். டிராக்டர் வருகிற பக்கம் அந்தக் கைகளை நீட்டிவிடாதீர்கள். லோயர் லிங்க் (கருவியைத் தூக்குகிற டிராக்டரின் இரண்டு கீழ்க் கைகள்) மாட்டுகிற பின் இருக்கிற கோட்டைத் தாண்டிச் சக்கரம் முன்னால் வந்தால் டிராக்டரின் பின்பக்க டயரில் இடிக்கும். நான் முதலில் செய்தது அப்படித்தான் ஆனது, அறுத்துவிட்டு மறுபடி செய்தேன்.

ரோட்டவேட்டரின் பாரம் இரண்டு பக்கமும் தரையில் சறுக்குகிற ஸ்கிட் பட்டையிலும் உட்கார வேண்டும், கத்தியில் உட்காரக் கூடாது. ஸ்கிட் வந்து விழுகிற இடத்தில் 50க்கு 50 மில்லி ஆங்கிளால் (எல் வடிவ இரும்பு) ஒரு பள்ளம் மாதிரி கட்டிவிடுங்கள், அப்புறம் அது முன்னும் பின்னும் நழுவாது.

இறக்கும்போது கவனித்துப் பாருங்கள், லோயர் லிங்க் நேர்கோட்டில் இறங்காது, வட்டமடித்து இறங்கும். அந்த லிங்க் மட்டமாக வருகிற வரைக்கும் கருவி பின்னால் போகும், அதற்குக் கீழே போனால் டிராக்டர் பக்கம் வரும். ஸ்டாண்டைப் பூட்டி வைத்துவிட்டு இறக்கினால் ஸ்கிட் பள்ளத்தில் சரியாக விழாமல் விளிம்பில் ஏறிக்கொள்ளும். அதனால் இறக்கும்போது சக்கரம் ஓடட்டும், பாரம் முழுக்க உட்கார்ந்து, எஞ்சினை நிறுத்திய பிறகு பூட்டுங்கள், அப்புறம்தான் பின்னைத் தொட வேண்டும். கழற்றும்போது முதலில் பிடிஓ ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கிற தண்டு), அப்புறம் டாப் லிங்க் (மேல் கை), வலது லோயர் லிங்க், கடைசியில் இடது. மாட்டும்போது இதையே தலைகீழாக, இடது முதலில், ஏனென்றால் வலது பக்கத்தைத்தான் கைப்பிடியைச் சுற்றி ஏற்ற இறக்க முடியும்.

அப்பாவிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஓட்டை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கவே கூடாது. என் இடது கை ஆள்காட்டி விரலின் நுனி அப்படித்தான் போனது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, யாரும் எதையும் தொடவில்லை, கருவியைத் தூக்குகிற ஹைட்ராலிக் தானாக ஓர் அங்குலம் இறங்கியது, அவ்வளவுதான்.

படப்பை தோட்டம்:
சட்டிக் கலப்பைக்குச் சக்கரம் வேண்டாம் என்பது என் கருத்து. அது நேராக நிற்கிற பொருளே இல்லை, பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை எடுப்பதற்குச் சுவரோரமாக நிலையான ஸ்டாண்ட் ஒன்று செய்து, மேல் சட்டத்தைச் சுவரில் சங்கிலி போட்டுக் கட்டிவிடுங்கள்.

கொத்துக் கலப்பைக்கு நான் செய்தது சுலபம். இரண்டு சி சேனலை வாய் மேலே பார்க்கிற மாதிரி வாய்க்கால் போலப் போட்டு, முன் வரிசைக் கொத்து ஒன்றிலும் பின் வரிசைக் கொத்து மற்றதிலும் நிற்கிற மாதிரி இடைவெளி வைத்தேன். வாய்க்காலில் நாலைந்து ஓட்டை போட மறக்காதீர்கள், மழையில் நனைந்த கலப்பையை அப்படியே ஏற்றினால் தண்ணீர் தேங்கிக் கொத்து துருப்பிடித்துவிடும்.

இன்னொரு வழியும் உண்டு. கிடங்குகளில் வைத்திருக்கிற கை பாலெட் டிரக் (அடியில் நுழைத்துப் பாரத்தைத் தூக்கித் தள்ளுகிற வண்டி) பழையதாகத் தேடினால் கிடைக்கும். ஒவ்வொரு கருவிக்கும் சக்கரமில்லாத சட்டம் மட்டும் செய்து, இது ஒன்றாலேயே எல்லாவற்றையும் நகர்த்தலாம். ஆனால் அதன் முன் சக்கரம் சின்னது, வழவழப்பான தரை வேண்டும்.

ஆவடி வயல்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. உத்திரமேரூர் அண்ணா, விரல் விஷயத்தை அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டினேன், கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. சட்டிக் கலப்பைக்குச் சுவர்தான் என்று முடிவு. பாலெட் டிரக் எங்களுக்குச் சரிப்படாது, தரை சிமென்ட்தான், ஆனால் சொரசொரப்பு. இன்னொரு சிக்கல், 2023 மிக்ஜாம் புயலில் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது, அதற்குப் பிறகு வாசல் பக்கம் சரிவு வைத்துத் தரையைப் போட்டோம். 20 அடிக்கு 4 அங்குலம் இறக்கம். ஸ்டாண்ட் தானாக உருண்டு வந்துவிடாதா? பிரேக் வைத்த சக்கரம் தாங்குமா?

அம்பத்தூர் பட்டறை:
உருளும். 400 கிலோவை அந்தச் சின்ன பிரேக்கை நம்பி விடாதீர்கள், ரப்பர் தேய்ந்தால் பிடிக்காது. சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒரு சாண் நீளத்துக்கு முக்கால் அங்குல பைப்பை நட்டக்குத்தலாக வெல்டு வையுங்கள். கருவி நிற்க வேண்டிய இடத்தில் தரையில் 18 மில்லி ஓட்டை, 3 அங்குல ஆழம். 16 மில்லி கம்பியை மேலே வளைத்துக் கைப்பிடி மாதிரி செய்து, பைப் வழியாகத் தரைக்குள் இறக்கிவிட்டால் அசையாது. மாட்டுகிற இடத்திலும் இதே மாதிரி இரண்டு ஓட்டை. ஸ்டாண்ட் அங்கே ஒரே அளவில் நிற்காதே என்று யோசிப்பீர்கள், அதற்கு ஓட்டைக்குப் பதில் நீளவாக்கில் கொத்தி, 3 அங்குல நீளக் காடி எடுத்துவிடுங்கள், சரிவுக்குக் குறுக்கே. கம்பி அதற்குள் பக்கவாட்டில் நகரும், கீழ்நோக்கி ஓடாது. இறக்கும்போது மட்டும் கம்பி வேண்டாம், சரிவுப் பக்கம் சக்கரத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளி ஒரு கட்டையைப் போட்டுவிடுங்கள், நகரவும் இடம் இருக்கும், ஓடியும் போகாது.

ஆவடி வயல்:
இது புரிந்தது அண்ணா. சனிக்கிழமை காலையில் சென்னை பாரிமுனை செம்புதாஸ் தெரு போய்ச் சக்கரத்தை வாங்கிவிட்டு அப்படியே ஊருக்குப் போகிறேன். முதலில் ரோட்டவேட்டருக்கு மட்டும் செய்கிறேன். ஸ்கிட் இரண்டுக்கும் இடையே உள்ள அளவை அப்பா இன்றைக்கே நூல் பிடித்து எடுத்து அனுப்பிவிட்டார்.