மறு: பேட்டன்ட் திக்கெட் – புதரா, இறும்பா, வேலிப்பின்னலா?

அனைவருக்கும் வணக்கம்.

ஒரே பொருளைப் பல பேருடைய காப்புரிமைகள் சூழ்ந்து பின்னிக்கிடக்கும் நிலையை ஆங்கிலத்தில் "பேட்டன்ட் திக்கெட்" என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டுத் தொடங்கிய நம் குழுவின் இழை, மூன்று நாளாகப் புதரைச் சுற்றியே வருகிறது. நானும் என் பங்குக்குக் கொஞ்சம் கிளறுகிறேன்.

> திக்கெட் என்றால் புதர். "காப்புரிமப் புதர்" என்று வைத்துவிட்டுப் போகலாமே, இதில் என்ன விவாதம்?

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் புதர் தானாக முளைப்பது. காப்புரிமை அப்படியில்லை, ஒவ்வொன்றும் யாரோ உட்கார்ந்து எழுதி, படம் வரைந்து, கட்டணம் கட்டி வாங்கியது. புதரை வெட்டினால் கேட்க ஆளில்லை. இங்கே ஒரு கிளையைத் தொட்டாலே வழக்கறிஞர் அறிவிக்கை வந்துவிடும்.

அதற்கு முன் அடிச்சொல்லை முடித்துவிடுவோம். "காப்புரிமம்" வேண்டாம். உரிமம் என்றால் நமக்கு லைசென்ஸ். நாளைக்கே ஒருவர் "காப்புரிம உரிமம்" என்று எழுத நேர்ந்தால் படிப்பவர் கதி என்ன? கண்டுபிடித்தவரிடம் இருப்பது காப்புரிமை, அதைப் பயன்படுத்த மற்றவருக்கு அவர் தருவது உரிமம் என்று பிரித்துக்கொண்டால் போதும். காப்புரிமை என்பதைக் காப்பிரைட்டுக்கும் சிலர் எழுதுகிறார்கள். அதற்குத்தான் பதிப்புரிமை இருக்கிறதே.

இப்போது திக்கெட். இது எந்த நிலைமையைக் குறிக்க வேண்டும் என்பதற்குத் தையல் இயந்திரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. கையால் தைக்கும் ஊசிக்குக் காது பின்முனையில் இருக்கும். இயந்திர ஊசியைப் பாருங்கள், காது கூர்முனைக்குப் பக்கத்தில். ஊசி முழுதாகத் துணியைக் கடந்து போகவேண்டியதில்லை; முனை மட்டும் இறங்கி நூலை ஒரு வளையமாகக் கீழே விட்டால், அடியில் ஓடும் இன்னொரு நூல் அதில் கோத்துக்கொள்ளும். இந்த அமைப்புக்கு எலியாஸ் ஹோவ் 1846இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். (அவருக்கு முன்பே வால்ட்டர் ஹன்ட் இப்படி ஓர் இயந்திரம் செய்திருந்தார். காப்புரிமை எடுக்காமல் விட்டுவிட்டார், பாவம்.) துணியைப் பல்லால் பிடித்து நகர்த்திவிட்டுக் கீழே இறங்கித் திரும்பும் நான்கசைவு ஊட்டியை ஆலன் வில்சன் 1854இல் பதிவு செய்தார். சிங்கரிடம் வேறு சில. விளைவு? ஒழுங்காகத் தைக்கும் ஓர் இயந்திரத்தைச் செய்ய வேண்டுமானால் யாராக இருந்தாலும் அடுத்தவர் எல்லைக்குள் கால் வைத்தே ஆகவேண்டும். எல்லோரும் எல்லோர் மீதும் வழக்கு. கடைசியில் 1856இல் இந்த மூவர் தரப்போடு இன்னொரு நிறுவனமும் சேர, நான்கு தரப்பும் காப்புரிமைகளை ஒன்றாகப் போட்டு, ஓர் இயந்திரத்துக்கு இவ்வளவு என்று வசூலித்துப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டன. கடைசிக் காப்புரிமை காலாவதியான 1877 வரை அந்தக் கூட்டு நீடித்தது.

கவனியுங்கள், இங்கே எந்தக் காப்புரிமையும் தனியாகப் பார்த்தால் தவறில்லை. ஊசிக்காது உண்மையான கண்டுபிடிப்பு, ஊட்டியும் அப்படியே. ஒரே பொருளுக்குள் பல பேருடைய எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்ததுதான் சிக்கல். நம் சொல் அதைக் காட்ட வேண்டும்.

வந்த பரிந்துரைகளில் "தூறு" அவதூறை நினைவூட்டுகிறது. "காடு" மிகப் பெரிது. "இறும்பு" சங்கச்சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர் முதல் வேலையாக அதை "இரும்பு" என்று திருத்திவிடுவார். "உரிமைச் சிக்கல்" எதற்கு வேண்டுமானாலும் பொருந்தும், ஆகவே எதற்கும் பொருந்தாது.

என் பரிந்துரை: வேலிப்பின்னல். காப்புரிமை ஆவணத்தில் உரிமைக்கோரிக்கை என்ற பகுதி செய்வதே எல்லை வரைவதுதான், அது வேலி. வேலிகள் குறுக்கும் நெடுக்கும் போனால் பின்னல்.

> காப்புரிமை முறையே புதுமைக்குத் தடை. வேலியே பயிரை மேய்கிறது. அது சொல்லிலேயே தெரியட்டும்: "முட்டுக்கட்டை".

இதில்தான் நான் வேறுபடுகிறேன் அம்மா. மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலக்கூறு நோயாளிக்கு உதவும் என்று நிறுவ ஆண்டுக்கணக்கில் சோதனை, பெரும் செலவு. நிறுவிய பிறகு படியெடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. அங்கே ஒரு பொருளுக்குச் சில வேலிகள், நடுவில் பயிர். திறன்பேசியிலோ ஆயிரக்கணக்கான வேலிகள். முன்னதற்கு உதவும் முறையே பின்னதை முடக்குகிறது என்றால், தீர்ப்பைச் சொல்லில் ஏற்றிவைப்பது நியாயமில்லை. ஜேம்ஸ் வாட் வேலிக்கு இருபுறமும் நின்றவர்: தன் நீராவி இயந்திரத்துக்கு 1769இல் பெற்ற உரிமையை 1800 வரை நாடாளுமன்றச் சட்டத்தாலேயே நீட்டித்துக்கொண்டார், 1780இல் பிக்கார்ட் என்பவர், முன்பின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்குக்குக் காப்புரிமை எடுத்ததும், அதைச் சுற்றிப் போக அதே வேலையைச் செய்யும் சூரியன்–கோள் பற்சக்கரத்தை அடுத்த ஆண்டே வாட் பதிவு செய்தார். தடையா, தூண்டுதலா? இரண்டும்தான்.

இன்னொன்று. பேட்டன்ட் என்ற சொல்லுக்கே "திறந்த" என்றுதான் வேர்ப்பொருள். யாரும் படிக்கும்படி, முத்திரையை உடைக்கத் தேவையில்லாமல் அரசர் விடுத்த திருமுகம். செய்முறையை ஊரறியச் சொல், பதிலுக்கு 20 ஆண்டு தனியுரிமை என்பதே இன்றும் பேரம். நம் "காப்பு" அந்தப் பேரத்தில் பாதியைத்தான் சொல்கிறது. மாற்றக் காலம் கடந்துவிட்டது, இருந்தாலும் உறுத்துகிறது.

எவர்கிரீனிங்கையும் கேட்டிருந்தீர்கள். "என்றும்பசுமை" என்றால் மரம் நடும் திட்டம் என்பார்கள். பழைய துணி நைந்ததும் ஒட்டுப்போடுவது போல, காலாவதியாகும் மருந்துக்குச் சின்ன மாற்றம் செய்து புதுக் காப்புரிமை கேட்பதால் "ஒட்டுக்காப்புரிமை" என்கிறேன்.

அன்புடன்.

—

மறுமொழி:

வேலிப்பின்னல் பிடித்திருக்கிறது. பின்னல் என்றதும் சடை நினைவுக்கு வருகிறது என்று சொல்ல நினைத்தேன். சடையையும் அவிழ்க்க வேண்டியிருப்பதால் விட்டுவிட்டேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்கள்: 1856இல் அந்த நால்வரும் செய்தார்களே, அந்தப் பேட்டன்ட் பூலுக்கு என்ன சொல்? "உரிமைக் குளம்" என்று ஓரிடத்தில் படித்துச் சிரித்தேன். வேலி உங்கள் சொல் என்றால், எல்லாரும் சேர்ந்து அதில் விடும் வழி "பொதுக்கடவு". கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் இருக்கின்றன, புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கட்டணம் கட்டினால்தான் திறக்கும் என்பதும் அதில் வந்துவிடுகிறது.